ஊதாப் பவளத்துக்கு ஒரு விளக்கு

சுரபாயாவுக்கு வெளியே இருந்த துணி ஆலையில் சாயப் பிரிவுத் தலைவராக இருந்த காலத்தில் விர்யவானின் கண்ணுக்குத் தனி மரியாதை இருந்தது. இரண்டு துண்டுத் துணிகளை ஜன்னலோரம் பிடித்துப் பார்த்து, "இது வேற தொட்டியில தோய்ச்சது, ஒண்ணா அனுப்பாதீங்க" என்பார். நிறம் அளக்கும் கருவியோ இரண்டும் ஒன்றுதான் என்று சொல்லும். ஒருமுறை கருவியை நம்பி அனுப்பிய சரக்கு அப்படியே திரும்பி வந்தது. அதற்குப் பிறகு முதலாளி கருவியைக் கேட்பதை விட்டுவிட்டு அவரைக் கேட்க ஆரம்பித்தார்.

ஓய்வு பெற்ற பின் அந்தக் கண்ணுக்கு மிஞ்சியது வீட்டுக் கூடத்தில் இருந்த இரண்டரை அடிப் பவளத் தொட்டி ஒன்றுதான். கேனில் வரும் கடல் தண்ணீரை வாங்கி, உப்பு பார்த்து, சூடு பார்த்துப் பத்து வருஷத்துக்கு மேல் வளர்த்தது. நடுப்பாறையில் ஒரு மான்கொம்புப் பவளம். பாலித் தீவின் பவளப் பண்ணையிலிருந்து சுண்டுவிரல் நீளக் குச்சியாக வந்தது, இப்போது தேங்காய் அளவுக்குக் கிளை விட்டிருந்தது. அதன் ஊதா நிறம் யார் தொட்டியிலும் கிடையாது. கேட்டவர்களுக்கெல்லாம் ஒரு கிளையை ஒடித்துக் கொடுப்பார். கொடுக்கும்போது, "ஊதா மாறினா உன் தொட்டியில கோளாறு. பவளத்தைக் குறை சொல்லாதே" என்று ஒரு எச்சரிக்கையும் சேர்ந்து போகும். ஊரில் பவளம் வளர்ப்பவர்கள் கைபேசியில் ஒரு குழு வைத்திருந்தார்கள். அதில் நிறத்தைப் பற்றிச் சண்டை வந்தால், "பாக் விர்யா என்ன சொல்றார்?" என்று, ஐயா என்பதுபோல மரியாதை வைத்துக் கேட்டு, அத்துடன் முடித்துக்கொள்வார்கள்.

தொட்டிக்கு மேலே அத்தனை வருஷமும் எரிந்தவை வெள்ளைக் குழல் விளக்குகள். அவை கடைகளில் வருவது நின்றுபோனது. கடைசியாக வாங்கி வைத்த ஜோடியும் ஓரத்தில் கறுத்துவிட்டது. எல்இடிக்கு மாறுவதைத் தவிர வேறு வழியில்லை.

அதற்கு வேறெங்கும் போக வேண்டியதில்லை. குனாடி இருந்தான். அதே ஆலையில் மின்பிரிவு இஞ்சினியராக இருந்தவன். ஆலையில் ஆள் குறைத்தபோது வெளியே வந்து, சித்தோஆர்ஜோவில் தன் வீட்டு முன்பக்கத்தைப் பட்டறையாக்கிப் பவளத் தொட்டிகளுக்கு எல்இடி விளக்கு செய்து விற்றுக்கொண்டிருந்தான். வயதில் இளையவன் என்பதால் விர்யவானை 'சாக்' என்று அண்ணன் முறை வைத்துத்தான் கூப்பிடுவான். வாய் கொஞ்சம் நீளம். ஆனால் விர்யவானின் மனைவி மூர்னியாத்தி ஆஸ்பத்திரியில் கிடந்தபோது ரத்தம் கொடுத்தவன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மூன்று விளக்குகளைக் காரில் போட்டுக்கொண்டு வந்து இறக்கினான்.

"உங்க கண்ணு முன்னாடி கடை விரிக்கவே பயமா இருக்கு சாக். ஆலையில உங்ககிட்ட அடி வாங்காத சாயமே கிடையாது."

"பேசாம மாட்டுடா."

மூர்னியாத்தி காப்பியும் பொரித்த சோயாத் தெம்பேயும் கொண்டுவந்து வைத்துவிட்டு வாசற்படியோரம் நின்றாள். குனாடி ஜன்னல் திரையை இழுத்துவிட்டு முதல் விளக்கைப் போட்டான். வெள்ளையும் நீலமும் சரிபாதி. விர்யவான் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து வெகுநேரம் பார்த்தார்.

"மஞ்சளா இருக்கு."

"மஞ்சளா? சரி, கழட்டிடுவோம்." இரண்டாவதை மாட்டினான். முக்கால் பங்கு நீலம். தொட்டி முழுக்க ஆழ்கடல் போலாகி, பவளங்களின் நுனிகள் மினுங்கின. மூர்னியாத்தி, "அம்மாடி!" என்றாள்.

விர்யவான் உதட்டைப் பிதுக்கினார். "என்னடா இது, வண்ணாத்துறைத் தண்ணி மாதிரி. நீலம்னு சொன்னியே, எங்க?"

குனாடி விழுந்து விழுந்து சிரித்தான். "சாக், நீங்க பெரிய ஆளு. இதைவிட நீலம் வேணும்னா வானத்தைத்தான் கழட்டி மாட்டணும்."

விர்யவான் சிரிக்கவில்லை. குனாடிக்கு அது தெரியவும் இல்லை. மனுஷர் வழக்கம்போல் குத்திப் பேசுகிறார் என்றே நினைத்துக்கொண்டான்.

மூன்றாவது விளக்கு உண்மையில் வேறு ஒருவருக்காகச் செய்தது. ஆழமான பெரிய தொட்டிக்கு. நீலத்தோடு ஊதாவும் கலந்து கண்ணைப் பறித்தது. மூர்னியாத்தி கையை நெற்றியில் வைத்து மறைத்துக்கொண்டாள். விர்யவான் நிமிர்ந்து உட்கார்ந்தார். "ஆங். இது விளக்கு."

"இது உங்க தொட்டிக்கு ரொம்ப அதிகம் சாக்."

"பவளம் சூரியனுக்குக் கீழ வளருது. உன் விளக்கா அதிகம்?"

"வேணும்னா எடுத்துக்கங்க. ஆனா பக்கத்துல இந்தக் குமிழ் இருக்கே, இதைக் கால் பங்குக்கு மேல திருகாதீங்க. பல வருஷமா குழல் விளக்குல இருந்த பவளம். மாசக்கணக்குல மெதுவா ஏத்தணும். சரியா?"

"எனக்குச் சொல்லித் தர்றியா?"

"சரி சரி, தெம்பே ஆறுது" என்று குனாடி பேச்சை மாற்றினான்.

பவளத்துக்குள் கண்ணுக்குத் தெரியாத நுண்பாசி குடியிருக்கிறது. அதுதான் அதற்குச் சோறு போடுவது. வெளிச்சம் குறைந்தால் பாசி பெருகிப் பவளம் பழுப்பாகும். வெளிச்சம் மிஞ்சினால் பவளம் பாசியை வெளியே துரத்திவிட்டு வெளுத்துப்போகும். பிறகு பட்டினியில் சாகும். விர்யவானுக்கு இதெல்லாம் தெரியும். குழுவில் புதிதாக வருபவர்களுக்கு அவரே பலமுறை சொல்லிக் கொடுத்தது.

முதல் வாரம் கால் பங்கில்தான் வைத்தார். காலையில் காப்பியோடு உட்கார்ந்து பார்த்தபோது ஊதா மான்கொம்பு அவருக்குப் பழுப்பாகத் தெரிந்தது. 'வெளிச்சம் பத்தவில்லை' என்று முடிவு செய்து குமிழைக் கொஞ்சம் திருகினார். மறு வாரமும் பழுப்பு. இன்னும் கொஞ்சம் திருகினார். பவளத்தின் நுனிகள் உண்மையில் அப்போதே வெளிற ஆரம்பித்திருந்தன. அவர் கண்ணுக்கு அது தேய்ந்துபோன தேநீர்க் கறையாகத்தான் இருந்தது.

"பாக், கண்ணு கூசுது" என்றாள் மூர்னியாத்தி ஒருநாள். "டிவி பாக்க உக்காந்தா சுவரெல்லாம் நீலமா அடிக்குது. கொஞ்சம் குறைச்சு வைங்களேன்."

"இது நீலமா அடிக்குதா உனக்கு?"

"ஆமா."

"நிறத்தைப் பத்தி என்கிட்டப் பேசறியா பு?"

அவளை அவர் 'பு' என்றும் அவரை அவள் 'பாக்' என்றும் கூப்பிடுவது வழக்கம். அவள் துணியை மடித்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். அவளுக்கு வேறு சிலதும் தெரியும். சமீபமாக அவர் வெள்ளிக்கிழமைத் தொழுகைக்குப் போகும்போது நீலச் சாரம் என்று நினைத்துக் கறுப்புச் சாரத்தைக் கட்டிக்கொண்டு போவார். சோற்றில் கிடக்கும் கல் அவருக்குத் தெரிவதில்லை. அந்தி சாய்ந்தால் மோட்டார் சைக்கிளை மெதுவாக உருட்டிக்கொண்டு வருவார். மகள் செமாராங்கிலிருந்து போன் செய்தபோது, "அப்பாவைக் கண் டாக்டர்கிட்டக் காட்டணும்டி" என்று சொல்ல வாயெடுத்தாள். அவர் அடுத்த அறையில் இருந்ததால் அரிசி விலையைப் பேசிவிட்டு வைத்தாள்.

குமிழ் கடைசி வரை போய் நின்றது. மூளைப் பவளம் சுருங்கிக்கொண்டது. சுத்தியல் பவளத்தின் தலைகள் ஒவ்வொன்றாய் விழுந்தன. விர்யவான் தண்ணீரை மாற்றினார், உப்பைச் சோதித்தார், தூக்கமில்லாமல் யோசித்தார். எல்லாவற்றிலும் கணக்குச் சரியாக இருந்தது. ஆக, விளக்குதான். குனாடி மட்டமான பல்புகளைப் போட்டு ஏமாற்றிவிட்டான்.

கூப்பிட்டுவிட்டார். குனாடி வந்து செருப்பைக் கழற்றியவன், கூடத்தில் கால் வைத்ததும் நின்றுவிட்டான்.

"என்ன சாக் இது, எல்லாம் வெளுத்துக் கிடக்கு!"

"வெளுத்தா? பழுப்பாகிக் கிடக்கு. உன் விளக்குல வெளிச்சமே இல்ல."

குனாடி தொட்டியருகே போய்க் குமிழைப் பார்த்தான். "முழுசா வெச்சிருக்கீங்களே! நான் என்ன சொன்னேன்? இதுக்குக் கீழ மீன் உயிரோட இருக்கிறதே பெரிசு." விளக்கை அணைத்தான். "ஜன்னலைத் திறங்க. பகல் வெளிச்சத்துல பாருங்க. எலும்பு மாதிரி இருக்கு. தெரியலையா உங்களுக்கு?"

"பழுப்புன்னா பழுப்புதான்."

குனாடி திரும்பி மூர்னியாத்தியைப் பார்த்தான். "மதினி, நீங்க சொல்லுங்க. இது என்ன நிறம்?"

விர்யவானும் அவளைப் பார்த்தார். அவள் முக்காட்டு நுனியால் கையைத் துடைத்தாள். துடைத்த கையையே மறுபடி துடைத்தாள். "எனக்கு இதெல்லாம் என்ன தெரியும்?" என்றாள்.

குனாடிக்குக் கோபம் வந்துவிட்டது. "விளக்கை மாத்த வேண்டாம் சாக், கண்ணை மாத்துங்க. டாக்டர்கிட்டக் காட்டுங்க. கிழவனாயிட்டீங்க, ஒத்துக்கங்க."

"வெளிய போடா."

"சாக்..."

"என் கண்ணை வெச்சு ஆலையே சோறு தின்னுச்சு. நீயும் தின்னே. வெளிய போ."

குனாடி போனான். அன்றைக்கே விர்யவான் குழுவில் புகார் போட்டார். எழுத்துகள் சரியாகத் தெரியாததால் பேசியே பதிவு செய்து அனுப்பினார். குனாடியின் விளக்குகளில் இருப்பது போலிப் பல்பு. நீலம் என்று சொல்லி விற்பது நீலமே அல்ல. பத்து வருஷப் பவளம் பழுப்பாகிச் செத்துக்கொண்டிருக்கிறது. தெரிந்தவன் என்று நம்பி ஏமாந்தேன், நீங்களும் ஏமாறாதீர்கள். கூடவே ஒரு படமும் போட்டார். நீல விளக்கின் கீழ் கைபேசியில் எடுத்த படம் எல்லாமே மசி கொட்டியது போலத்தான் வரும். அதில் யாராலும் எதையும் பார்க்க முடியாது. பார்க்க வேண்டிய அவசியமும் யாருக்கும் வரவில்லை. சொன்னவர் பாக் விர்யா.

குனாடி விளக்கம் எழுதினான். "அவருக்குக் கண் சரியில்லை" என்று எழுதியதுதான் அவன் செய்த தப்பு. 'பெரியவரை இப்படியா பேசுவாய்' என்று ஆளாளுக்குப் பாய்ந்தார்கள். கைவசம் இருந்த ஆர்டர்கள் ரத்தாகின. விளக்கு வாங்கியவர்கள் தங்கள் தொட்டியில் செத்த மீனுக்கும் அழுகிய பாசிக்கும் அவனையே காரணமாக்கித் திருப்பிக் கொடுக்க வந்தார்கள். மழைக்காலம் முடிவதற்குள் பட்டறைப் பலகை இறங்கிவிட்டது.

விர்யவான் குனாடியின் விளக்கைக் கழற்றிக் கட்டிலடியில் தள்ளிவிட்டு வேறொரு கடையில் ஒன்று வாங்கி மாட்டினார். அதிலும் பழுப்பு மாறவில்லை. "எல்லாப் பயலும் திருடன்" என்றார். ஒவ்வொரு காலையும் தொட்டிக்கு உணவு போட்டார்.

ஓட்டுநர் உரிமம் புதுப்பிக்கப் போன இடத்தில்தான் அது வெளியே வந்தது. சுவரில் தொங்கிய எழுத்துப் பலகையின் மூன்றாம் வரிக்குக் கீழே அவரால் படிக்க முடியவில்லை. நிறப் புள்ளிகளுக்கு நடுவே இருந்த எண்ணைக் கேட்டபோது, "எண்ணே இல்லையே" என்றார். பின்னால் நின்றவன் ஒருவன் சிரித்தான். கண் ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிட்டார்கள்.

டாக்டர் ஒரு பெண். ஒளியை அடித்துப் பார்த்துவிட்டுப் பின்னால் சாய்ந்தாள். "ரெண்டு கண்ணுலயும் புரை நல்லா முத்திடுச்சு பாக். இதோட எப்படி வண்டி ஓட்டினீங்க?"

"பழகின ரோடு."

"உள்ள லென்சு பழுப்பாகிடுச்சு. பல வருஷமா ஒரு டீ கிளாஸ் வழியாப் பாத்துட்டு இருந்திருக்கீங்க. மெதுவா வந்ததால தெரிஞ்சிருக்காது. நீலமும் ஊதாவும்தான் இதுல ரொம்ப அடிபடும்."

மூர்னியாத்திதான், "எப்ப ஆபரேஷன்?" என்று கேட்டாள்.

முதலில் வலது கண். மறுநாள் கட்டைப் பிரித்தபோது எதிரே நின்ற நர்சின் சட்டை நீலம் அவரைத் தாக்கியது. அப்படி ஒரு நீலத்தை அவர் மறந்தே போயிருந்தார். கண்ணில் நீர் வந்தது. "எரியுதா?" என்று நர்ஸ் கேட்டாள். இல்லை என்று தலையாட்டினார்.

வீட்டுக்கு வந்து கருப்புக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு நேரே தொட்டி முன் உட்கார்ந்தார். மூர்னியாத்தி வேண்டாமென்று சொல்லவில்லை.

வலது கண்ணைக் கையால் மூடி இடது கண்ணால் பார்த்தார். பழக்கமான மங்கல், பழக்கமான பழுப்பு. கையை மாற்றிப் போட்டுப் பார்த்தார். நடுப்பாறையில் நின்றது ஒரு வெள்ளை எலும்பு. கிளை இடுக்குகளில் பச்சைப் பாசி நூல் நூலாகத் தொங்கியது. மூளைப் பவளம் இருந்த இடத்தில் சுண்ணாம்புக் கிண்ணம் ஒன்று கிடந்தது. இரண்டு கோமாளி மீன்கள் மட்டும் அந்தக் கல்லறைக்குள் சுற்றிச் சுற்றி வந்தன. மறுபடி கையை மாற்றினார். பழுப்பு. மறுபடி. வெள்ளை. செத்து மாதக்கணக்காகியிருந்தது. இத்தனை நாளும் செத்ததற்குத்தான் தீனி போட்டுக்கொண்டிருந்தார்.

"பு" என்றார் திரும்பாமலே. "உனக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"குனாடி கேட்டப்ப ஏன் சொல்லல?"

"சொன்னா அவனோட சேத்து என்னையும் வெளிய போன்னு சொல்லியிருப்பீங்க."

"உன்னை நான் அப்படிச் சொல்வேனா?"

அவள் பக்கத்தில் வந்து நின்றாள். குரலை உயர்த்தவில்லை. "கல்யாணம் ஆனதுலருந்து இந்த வீட்டுல ஒரு நிறத்தைப் பத்தி நான் வாயைத் திறந்ததில்ல பாக். என் கல்யாணச் சட்டைத் துணியைப் பாத்து 'சாக்கடைப் பச்சை'ன்னீங்க, எங்கம்மா முன்னாடி. எனக்குப் பிடிச்சு வாங்கினது அது. அன்னைக்கு மூடின வாய். திடீர்னு ஒருநாள் திறன்னா எப்படித் திறக்கும்?"

விர்யவானுக்கு அந்தத் துணி ஞாபகமில்லை.

வண்டி ஓட்டத் தடை இருந்ததால் வாடகைக் காரில் சித்தோஆர்ஜோவுக்குப் போனார். குனாடி இப்போது கடைப் பெயர்ப்பலகைகளுக்கு விளக்கு கட்டிக்கொண்டிருந்தான். முன்பக்கம் முழுக்கக் கோழிக்கடைப் பலகையும் சலூன் பலகையும் சாய்ந்து நின்றன. அவரைப் பார்த்ததும் எழுந்து நாற்காலி போட்டான். மரியாதையில் குறை வைக்கவில்லை. அதுதான் அவருக்கு உறைத்தது.

"ஆபரேஷன் ஆச்சுன்னு கேள்விப்பட்டேன். நல்லாத் தெரியுதா?"

"தெரியுது." பேச்சைத் தேடிக்கொண்டு திரும்பியவர், சுவரோரம் ஒரு சின்னத் தொட்டி எரிவதைப் பார்த்தார். உள்ளே ஒரே ஒரு பவளம். ஊதா மான்கொம்பு, கையளவுக்கு வளர்ந்திருந்தது. அவர் ஒடித்துக் கொடுத்த கிளை. மேலே தொங்கியது அவர் வீட்டுக் கட்டிலடியில் கிடப்பதன் ஜோடி விளக்கு, கால் பங்கில். நுனி ஒவ்வொன்றிலும் ஊதா, அடியில் நீலம், நடுவே சாயத்தொட்டியில் கூட அவர் கலந்து பார்த்திராத ஒரு சாயல். இந்த நிறத்தை எத்தனை வருஷமாகப் பார்க்காமல் பார்த்துக்கொண்டிருந்தோம் என்று நினைத்தார்.

"குனாடி, நான் பண்ணினது பெரிய தப்புடா. உன் விளக்குல குறை இல்ல."

"எனக்குத் தெரியும் சாக்."

"குழுவில சொல்லிடறேன். எல்லாருக்கும் சொல்லிடறேன்."

குனாடி ஒயரை மென்மையாகச் சுற்றி வைத்தான். "சொல்லுங்க. ஆனா ஒண்ணு. அன்னைக்குக் கண் தெரியாம சொன்னீங்க, ஊரே நம்புச்சு. இன்னைக்குக் கண் தெரிஞ்சு சொல்வீங்க. 'பாவம், பெரியவருக்குக் கண் சரியில்லையாம்'னுதான் பேசுவாங்க. உங்க பேச்சுக்கு இருந்த மரியாதையை என்மேல செலவு பண்ணித் தீத்துட்டீங்க சாக்."

சுற்றிய ஒயரை ஓரமாகத் தள்ளினான். "அந்த ஞாயித்துக்கிழமை நீலத்தை வண்ணாத்துறைத் தண்ணின்னீங்க. நான் சிரிச்சேன். சிரிச்சிருக்கக் கூடாது." காப்பி வந்தது. குடித்தார். ஒரு கிளை ஒடித்துத் தரட்டுமா என்று அவன் கேட்கவில்லை. இவர் எப்படிக் கேட்பார்? வாசல்வரை வந்து வழியனுப்பினான். மறுபடி வாங்க என்று மட்டும் சொல்லவில்லை.

விர்யவான் அன்றே குழுவில் பேசி அனுப்பினார். கண்புரையைச் சொன்னார், குமிழைச் சொன்னார், குனாடியின் பெயரை இரண்டு முறை சொன்னார். 'சீக்கிரம் குணமாகட்டும் பாக்' என்று வரிசையாகக் கூப்பிய கைகள் வந்தன. பூங்கொத்துகள் வந்தன. எந்த ஆஸ்பத்திரி என்று ஒருவர் விசாரித்தார். தொட்டியை விற்பதாக இருந்தால் முதலில் என்னிடம் சொல்லுங்கள் என்று இன்னொருவர் எழுதினார். குனாடியைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை எழுதவில்லை. அவன் குழுவை விட்டு எப்போதோ போயிருந்தான்.

இடது கண்ணும் ஆனபிறகு தொட்டியைக் காலி செய்தார். மீன்களை அடுத்த தெருக்காரர் எடுத்துக்கொண்டார். எலும்புப் பவளத்தைச் சாக்கில் கட்டிக் குப்பை வண்டியில் போட்டார். கட்டிலடி விளக்கை மட்டும் விற்பதற்கு விளம்பரம் கொடுத்தார்.

மாலாங்கிலிருந்து ஒரு இளம் தம்பதி வந்தார்கள். புதிதாகப் பவளத் தொட்டி வைக்கிறார்களாம். அந்தப் பெண் கண்களை அகல விரித்துக்கொண்டு எல்லாவற்றையும் கேட்டாள். விர்யவான் விளக்கைப் போட்டுக் காட்டினார். வெறும் சுவரில் நீலமும் ஊதாவும் பரவின.

"அழகா இருக்கே!" என்றாள் அவள்.

"நல்ல விளக்கும்மா. இந்த ஊர்ல இதைவிட நல்லது கிடையாது. கால் பங்குக்கு மேல மட்டும் வைக்காதீங்க."

கணவன் விளக்கைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "எந்தக் கம்பெனி பாக்? பேரே இல்லையே."

"கையால செஞ்சது. சித்தோஆர்ஜோ குனாடி செஞ்சது."

அவன் கை நின்றது. மனைவியைப் பார்த்தான். "போலிப் பல்பு போட்டு மாட்டிக்கிட்டாரே, அந்த ஆளா? என் மச்சான் சொல்லியிருக்கான். இந்த ஊர்ல யாரோ ஒரு பெரியவரோட பவளமெல்லாம் செத்துப்போச்சாமே."

"அந்தப் பெரியவர் நான்தான். விளக்குல தப்பில்ல. என் கண்ணுலதான் தப்பு."

இளைஞன் சங்கடமாகச் சிரித்தான். விளக்கை மேசைமேல் பத்திரமாக வைத்தான். "பரவாயில்ல பாக். நீங்க நல்ல மனுஷர், அதனால அவரை விட்டுக்கொடுக்க மாட்டேங்கறீங்க. நாங்க வேற எங்கயாவது பாத்துக்கறோம்."

செருப்பை மாட்டிக்கொண்டு இருவரும் இறங்கிப் போனார்கள். வெளியே மோட்டார் சைக்கிள் கிளம்பும் சத்தம் கேட்டது. விர்யவான் எழுந்துபோய் விளக்கின் ஒயரைப் பிடுங்கினார்.